இரண்டாவது கையுறை

டெல்ஃபீன் ரோபிஷோவுக்கு ஹோலிஸ் டர்ப்பினைப் பார்த்த முதல் நாளே பிடிக்கவில்லை. அவனுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. கடைசிவரை அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

பிப்ரவரிக் கடைசியில் ஃப்ளோரிடாக் கடற்கரையில் ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்தது. புறப்படத் தயாராக ஏவுமேடையில் நின்றிருந்த விண்கலத்தின் எரிபொருள் தொட்டிதான் அதில் நன்றாக மாட்டிக்கொண்டது. பதினைந்து மாடி உயரத் தொட்டி, உடம்பெல்லாம் ஆரஞ்சு நிற நுரைப் போர்வை. அதில் அம்மை வார்த்த முகம் மாதிரி ஆயிரக்கணக்கில் குழிகள். உள்ளே ஊற்றும் எரிபொருள் அப்படிப்பட்ட குளிர்ச்சி. நுரையில்லாவிட்டால் தொட்டி முழுக்கப் பனி உறைந்துவிடும். நுரை இருந்தும் சரியாக ஒட்டாவிட்டால் இன்னும் மோசம். மேலே போகும்போது பிய்த்துக்கொண்டு வந்து கலத்தையே அடிக்கும்.

எனவே கலத்தை மறுபடி பெரிய கட்டடத்துக்குள் இழுத்து வந்து, சுற்றிலும் மேடை கட்டி, நுரை போட்ட ஊரிலிருந்தே ஆட்களைக் கூப்பிட்டார்கள். லூசியானாவிலிருந்து அப்படி வந்தவர்களில் டெல்ஃபீனும் ஒருத்தி. நுரைக் கலவையைக் குழியில் ஊற்றி ஒட்டுப்போடுவது அவள் வேலை. கலவையைக் கலக்கிக் கொடுப்பவர் அவளுடைய பழைய கூட்டாளி ஆல்சீட். குழியைச் சுரண்டி, துடைத்து, அவள் ஊற்றுவதற்குத் தயார் செய்து வைக்க உள்ளூர் ஆள் ஒருவனைக் கொடுத்தார்கள். அவன்தான் டர்ப்பின்.

முதல் நாள் மேடையில் ஏறியதுமே அவன் அவள் கையைப் பார்த்தான்.

"இன்னொரு ஜோடி கையுறை போடு."

"எதுக்கு?"

"மேல் ஜோடியோட ஏறி வா. தொட்டிகிட்ட வந்ததும் அத உருவிக் குப்பையில போடு. அப்புறமா நுரையத் தொடு. இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றோம்."

"புத்தகத்துல ஒரு ஜோடின்னுதான் போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவனா இங்க வந்து தொடப்போறான்?"

"நான் தொட்டிருக்கேன்யா. நீ மூக்கு ஒழுக பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்பவே தொட்டிருக்கேன். என் ஊர்ல வந்து நான் உனக்குச் சுரண்டக் கத்துக்கொடுத்தேனா?"

மேடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டர்ப்பினுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஆமாம்மா, மகராசி. நீங்க தொட்ட லட்சணத்தைத்தான் டெக்சாஸ் காட்டுல பொறுக்கினோம்."

சிரித்துக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. நான்கு வருடத்துக்கு முன் நுரைத்துண்டு ஒன்று பிய்ந்து கலத்தின் இறக்கையில் அடித்ததும், திரும்பி வரும்போது ஏழு பேர் வானத்திலேயே போனதும் அங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிதறியதைத் தேடி இந்த ஊர் ஆட்கள் பைன் மரக்காட்டில் வரிசைகட்டி நடந்தார்கள். டர்ப்பினும் நடந்தவன். அந்த நுரை யார் கையால் போட்டது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. ஆனால் லூசியானாவில் அந்த வேலை செய்த ஒவ்வொருத்தரும், 'ஐயோ, அது என் கையாக இருக்குமோ' என்று எத்தனையோ முறை தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். டெல்ஃபீனும் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் அவன் கைவைத்தான்.

"என் கையப் பத்தி இன்னொரு தடவ பேசின, நல்லா இருக்காது," என்றாள். குரல் நடுங்கியது. அது கோபத்தில்தான் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றோடு சரி. செத்தாலும் இரண்டாவது கையுறை போடுவதில்லை என்று முடிவு கட்டினாள். எல்லாரையும் ஏற்றி வரும் பேருந்திலும் ஏறுவதில்லை. தன் பிக்கப் வண்டியிலேயே வந்துபோனாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. இரண்டு வருடத்துக்கு முன் வந்த வெள்ளம் அவள் வீட்டைக் கூரைவரை தின்றுவிட்டது. இன்னும் அரசாங்கம் கொடுத்த டிரெய்லர் வண்டி வீட்டில்தான் குடித்தனம். வெள்ளம் விட்டுவைத்தது தப்பித்து வந்த அந்த வண்டியையும், சட்டைப்பையில் இருந்த நுரை ஊற்றும் அனுமதி அட்டையையும்தான். அந்த அட்டை இருந்தால் சோறு. இல்லாவிட்டால், அவள் வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்?

மார்ச்சில் அந்தப் பக்கம் ஓக் மரமும் பைன் மரமும் சேர்ந்து மஞ்சள் தூளாகக் கொட்டும். நிறுத்திய வண்டி மத்தியானத்துக்குள் மஞ்சள் குளித்துவிடும். இரண்டாம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அவள் வண்டியின் பின்கதவில் விரலால் யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'நுரைக்காரியே, ஊருக்குப் போ.' மறுநாள் அதே இடத்தில் ஒரு படம். தொட்டி, அதிலிருந்து விழும் ஒரு துண்டு, கீழே சின்னச் சின்னதாய் ஏழு சிலுவைகள்.

அதைச் சட்டைக் கையால் அழித்தாள். நேரே கடைவீதிக்குப் போனாள். "வண்டியில தூசி தங்கவே கூடாது, அப்படி ஒண்ணு குடுங்க," என்றாள். கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து வைத்தார். "இதத் தேய்ச்சுப் பாருங்கம்மா. தூசி, பூத்தூள், பறவை எச்சம், எதுவும் ஒட்டாது. வழுக்கிட்டுப் போயிடும்."

வழுக்கிக்கொண்டுதான் போனது. தினமும் காலையில் வேலைக்குள் நுழையுமுன் வண்டி நிறுத்துமிடத்திலேயே துணியில் பாலிஷைத் தொட்டு வண்டி முழுக்கத் தேய்த்தாள். துணி நனைந்து கையெல்லாம் ஊறும். குழாயில் சோப்புப் போட்டு அலம்புவாள், கையுறையை விரல் நுனியைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொள்வாள், ஏறிவிடுவாள். சாயங்காலம் வண்டி கண்ணாடி மாதிரி நிற்கும். எழுத ஒரு விரல்கடை இடமில்லை. 'வாடா, இப்போ எழுது பார்க்கலாம்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். நாள் முழுக்க அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அவளுடைய ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நுரையை ஊற்றுமுன் குழியின் அடியைப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார்கள். எங்காவது பொருபொருவென்று உதிர்கிறதா என்று விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. முதல் மூன்று நாளும் சுரண்டலிலேயே போக, நான்காம் நாள்தான் ஊற்றத் தொடங்கினார்கள்; டெல்ஃபீன் எல்லாக் குழியையும் தடவினாள்.

ஒட்டுப்போட்டதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சோதிப்பார்கள். ஒட்டின் மேல் ஒரு உலோக வில்லையைப் பசையால் ஒட்டி, கருவியை மாட்டி இழுப்பார்கள். நுரை நடுவில் கிழிந்தால் நல்லது, ஒட்டு அடியில் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அடியோடு கழன்று வந்தால் தோல்வி. இப்படி மூன்று முறை கழன்றால் ஊற்றியவரின் அட்டையை அங்கேயே வெட்டிப்போட்டுவிடுவார்கள். அதில் எந்தச் சலுகையும் கிடையாது.

அவளுடைய முதல் சோதனை அடியோடு கழன்றது.

"அடேயப்பா, தாள்ல இருந்து ஸ்டிக்கர் உரிச்ச மாதிரி என்ன அழகா வருது!" என்றான் டர்ப்பின்.

அந்த வாரக் கடைசியில் இரண்டாவது சோதனை. அதுவும் கழன்றது. இந்தத் தடவை டர்ப்பின் சீழ்க்கை அடித்துக்கொண்டு சுரண்டும் கத்தியைத் துடைத்தான். அந்தச் சீழ்க்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேராக மேலாளர் எர்ல் வின்ஸ்டெட்டின் அறைக்குள் போனாள். டர்ப்பினும் பின்னாலேயே வந்தான்.

"எர்ல், நான் வாழ்நாள்ல ஒரு ஒட்டு கழண்டு பார்த்ததில்ல. இங்க வந்து ரெண்டு! சுரண்டுறது யாரு? இவன். துடைக்கிறது யாரு? இவன். துணியில என்ன தடவிட்டு வர்றான்னு கேளுங்க!"

"ஏய், என்ன பேச்சு பேசுற? நான் நுரையக் கெடுப்பேனா? அந்தக் காட்டுல நான் எதைக் கையில எடுத்தேன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியும்யா! ஊரெல்லாம் அதையே சொல்லித்தானே திரியுற! அத வச்சு என்னத் துரத்தணும், அதானே உன் ஆசை? வண்டியில எழுதினவன்தானே நீ?"

டர்ப்பின் கண்ணைத் தரைக்குத் திருப்பினான். இல்லை என்று சொல்லவில்லை. வின்ஸ்டெட் அதைக் கவனித்தார்.

"போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும்," என்றார். "டர்ப்பின், அடுத்த சோதனை வரைக்கும் நீ இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. வேற ஆள் சுரண்டட்டும். டெல்ஃபீன், நல்லாக் கேட்டுக்கோ. மூணாவது கழண்டா உன் அட்டை போச்சு. கழலாம நின்னுச்சுன்னா கோளாறு இவன்கிட்ட. இவன நிரந்தரமா அனுப்பிடுறேன்."

டர்ப்பின் வெளியே போகும்போது வாசலில் நின்று திரும்பினான். "இன்னொரு ஜோடி போடுன்னு சொன்னேன்," என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

போனது பெரிய நிம்மதி. அவன் போனபின் வண்டியில் எழுத யார் இருக்கிறார்கள்? டெல்ஃபீன் பாலிஷ் டின்னை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டாள். காலையில் தேய்க்கும் நேரத்தில் காபி குடித்தாள். இரண்டு நாள் நல்ல மழையும் பெய்தது. புதிதாக வந்தவன் வாயைத் திறக்காமல் சுரண்டினான், அவள் தடவிப் பார்த்து ஊற்றினாள். அதில் ஒன்றைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

கருவியை மாட்டினார்கள். இழுத்தார்கள். வரவில்லை. இன்னும் இழுத்தார்கள். கடைசியில் 'பட்'டென்று நுரை நடுவில் கிழிந்தது. அடிப்பாதி தொட்டியோடு தொட்டியாக அப்படியே நின்றது. லூசியானாக்காரர்கள் போட்ட சத்தம் கூரையைப் பிளந்தது. வின்ஸ்டெட் அவள் தோளில் தட்டினார்.

"டர்ப்பினுக்கு நாளைக்குக் காலையில காகிதம் குடுத்துடுறேன். நீ நிம்மதியா இரு."

அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். பொய் சொல்வானேன், அவன் வேலை போவதை நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் ஆல்சீட் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, சோளமும் உருளைக்கிழங்கும் போட்டு ஆற்று இறாலை வேகவைத்தார். தவக்காலத்தில் இறைச்சி கிடையாது. அதோடு, கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்றும் அவர் விரதம் எடுத்திருந்தார். இறைச்சியை விட்டதைவிட அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"இந்தா டெல்ஃபி, உனக்கு ஒரு பரிசு." ஒரு ஸ்டிக்கரை நீட்டினார். அவர்கள் ஊர்ப் பறவை, கூழைக்கடா. "பின்கதவுல ஒட்டு. எழுதினானே, அதே இடத்துல. எல்லாரும் பார்க்கட்டும்."

அவள் பின்கதவில் படிந்திருந்த மஞ்சள் தூளைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் அது கீழே விழுந்தது.

"ஒழுங்கா அழுத்து பொண்ணே."

இரண்டாம் முறை பெருவிரலால் ஓரமெல்லாம் சுற்றித் தேய்த்தாள். ஒரு மூலை எழும்பியது, மறு மூலை எழும்பியது, கூழைக்கடா அப்படியே வழுக்கித் தரையில் விழுந்தது. மழையில் நனைந்து, நாட்கணக்கில் பாலிஷ் தேய்க்காமல் விட்டும் அந்த இடத்தில் எதுவும் ஒட்டவில்லை.

டெல்ஃபீன் குனிந்து அதை எடுக்கவில்லை. தன் பெருவிரலைப் பார்த்தாள். கடைக்காரர் சொன்னது காதில் கேட்டது. கைக்குத் தடவும் க்ரீம் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, நுரைக்குப் பக்கத்தில் வழுக்குவது எதுவுமே கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்தவள் அவள். க்ரீமை நினைத்தாள், எண்ணெயை நினைத்தாள். வண்டியை நினைக்கவில்லை. சோப்புக்கும் போகாமல் பாலிஷ் ஊறியிருந்த கையால் கையுறையின் விரலைப் பிடித்து இழுத்து மாட்டி, அதே விரலால் ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு சுற்றுத் தடவி வைத்திருக்கிறாள். மேல் ஜோடி ஒன்று போட்டு உருவிப்போட்டிருந்தால், பாலிஷ் அதோடு குப்பைக்குப் போயிருக்கும்.

"ஆல்சீட்," என்றாள். "அவன் இல்ல. நான்தான்."

நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் ஆல்சீட் விரதத்தை மறந்து நல்ல நாட்டுப்புற வார்த்தையாக இரண்டு விட்டார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வாய மூடிட்டு இரு. மூணாவது பாஸாயிடுச்சு. அட்டை உன் பையில இருக்கு. அத விட்டா என்ன பண்ணுவ, அந்த டிரெய்லர்ல உக்காந்து கொசு அடிப்பியா? அத்தனையும் ஒண்ணும் கழண்டுடாது."

"அந்த நாய் சொன்னது சரியாப் போச்சே, ஆல்சீட்! அதத்தான் என்னால தாங்க முடியல." வண்டிச் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "அவன் முன்னாடி போய் நிக்கணுமே நான்!"

"நிக்காத. யாரு நிக்கச் சொன்னா?"

தொட்டியெல்லாம் அவளுடைய ஒட்டுகள். போன தடவை அது யார் கை என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நான்கு வருடமாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். இந்தத் தடவை எது பிய்ந்து விழுந்தாலும் யார் கை என்று அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு வின்ஸ்டெட்டின் அறைக்கு நடந்தாள்.

வின்ஸ்டெட் டின்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பாராட்டவெல்லாம் இல்லை. முகம் சாம்பலாகிவிட்டது.

"எத்தனை ஒட்டு?"

"என் கை பட்டது எல்லாத்தையும் பேர்த்துடுங்க."

"புறப்படுற தேதி என்னாகும்னு தெரியுமா உனக்கு? மேலிடத்துல நான் என்னத்தச் சொல்லுவேன்? வண்டி பளபளன்னு இருக்கணும்னு ஒருத்தி பாலிஷ் போட்டான்னா?"

"அப்படியே சொல்லுங்க. அதுதானே நடந்துச்சு."

கையை நீட்டினார். அவள் அட்டையைக் கொடுத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் குறுக்கே வெட்டினார். வெள்ளம் விட்டுவைத்ததை அவர் விட்டுவைக்கவில்லை. இரண்டு துண்டும் குப்பைக்கூடையில் விழுந்தன.

மறுநாள் காலை டர்ப்பினைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பேர்க்கும் வேலை அவனுக்கே போயிற்று. டெல்ஃபீன் இனி நுரையைத் தொடக் கூடாது. எது எது தன்னுடையது என்று கீழே தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று கைகாட்டலாம், அவ்வளவுதான். ஊருக்குப் போய்விடலாம் என்று ஆல்சீட் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. கோட்டின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டர்ப்பின் மேல் ஜோடி கையுறையை உருவி, அவள் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, குப்பையில் போட்டான். அப்புறம் தட்டைக் கரண்டியை முதல் ஒட்டின் ஓரத்தில் செருகினான். ஒரு நெம்பு. முழுசாக வந்துவிட்டது.

"ஒண்ணு!" என்று கத்தினான். அடுத்ததைப் பேர்த்தான். "இன்னொண்ணு! இது பாருங்க, நான் மூச்சு விட்டதுக்கே விழுந்துடுச்சு!" மேடையெங்கும் சிரிப்பு. அவளுடைய ஒட்டுகள் ஒவ்வொன்றாகப் பையில் விழுந்தன. அவளுக்கு அவமானம் உச்சந்தலை வரை ஏறியது, ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. இவை எல்லாம் மேலே போயிருக்கும், ஏழு பேரை உட்காரவைத்துக்கொண்டு மேலே போயிருக்கும் என்று நினைத்தபோது அடுத்த ஒட்டை அவளே கைகாட்டினாள்.

மத்தியானத்துக்கு மேல் கத்தல் நின்றுபோயிற்று. கடைசி வரிசைக்கு வந்திருந்தான். கரண்டி இறங்கவில்லை. ஓங்கிக் குத்தினான், நுனி வளைந்தது. பல்வைத்த கத்தியை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தான், பொடிப்பொடியாகத்தான் வந்தது. அப்படி ஒன்று, அப்புறம் இன்னொன்று. வியர்த்து வழிந்தது.

"என்னப்பா, கை வலிக்குதா?" என்று கீழேயிருந்து கேட்டாள் டெல்ஃபீன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினான். கோட்டுக்கு அந்தப் பக்கம், அவளுக்கு எதிரே வந்து நின்றான். முகமெல்லாம் ஆரஞ்சுத் தூள்.

"எழுதினது நான்தான்," என்றான். "ஆனா தேய்ச்சது நீ."

"ஆமா. தேய்ச்சது நான்."

மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. அவன் கையிலிருந்த பொடியை உதறினான். போகப்போனவன் நின்றான்.

"அந்தக் கடைசி வரிசை. உயிர எடுத்துடுச்சு. அது எப்ப ஊத்தினது?"

டெல்ஃபீன் அவனை நேராகப் பார்த்தாள்.

"நீ இல்லாதப்ப," என்றாள்.

அவன் மேலே அந்த வெறுங்குழிகளைப் பார்த்தான். அப்புறம் புதிதாக இரண்டு ஜோடி கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு மேடை ஏறினான். அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.